ஏழு நாளை ஐந்தரை நாளாக்கியவர்களுக்கு: தலைமை அலுவலகத் திட்டமிடல் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திட்டமிடல் பிரிவினருக்கு,

வணக்கம். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்து அடுக்குமாடி சைட்டில் பிளானிங் பார்க்கும் என்ஜினீயர் எழுதுகிறேன். போன மாதம் நீங்கள் அனுப்பிய, தாமதத்தை ஈடுகட்டும் வேலை அட்டவணையான 'ரெக்கவரி ஷெட்யூல்' பற்றியும், அதை வைத்து எங்கள் மேஸ்திரியின் பில்லில் பணம் பிடித்து வந்த தாமதக் கடிதம் பற்றியும் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். மூன்று மெயில் போட்டேன். முதல் மெயிலுக்கு 'நோட்டட்' என்று பதில் வந்தது. மற்ற இரண்டுக்கும் அதுவும் வரவில்லை. அதனால்தான் மற்ற சைட்காரர்களும் படிக்கட்டும் என்று இப்படி எழுதுகிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு வேலைக்கு இத்தனை நாள் என்று மென்பொருளில் போடுவதற்கு முன்னால், அந்த வேலையைச் செய்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எங்கள் சென்ட்ரிங் மேஸ்திரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். விழுப்புரம் பக்கத்துக்காரர். காங்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்க இருபத்தைந்து வருடமாகப் பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, பிரித்துக்கொண்டிருப்பவர். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது தளங்களில் சென்ட்ரிங் பிரிப்பதில் நான்கு நாள் தாமதம் என்று சொல்லி, நாளுக்கு மூவாயிரம் வீதம் அவர் பில்லில் பன்னிரண்டாயிரம் ரூபாய் பிடித்திருக்கிறீர்கள். அந்த நான்கு நாள் எங்கிருந்து வந்தது என்று உங்களில் யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன்.

ஆறாவது தள ஸ்லாப் ஒரு திங்கட்கிழமை போட்டது. காங்கிரீட் முடிந்தபோது மாலை ஏழு மணி. ஸ்லாபைத் தாங்கும் முட்டுகளை எப்போது எடுக்கலாம் என்று காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்லியிருக்கிறது. தாங்கும் இடங்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை உள்ள ஸ்லாப் என்றால் 7 நாள், அதற்கு மேல் போனால் 14 நாள். 6 மீட்டர் வரையுள்ள பீமின் முட்டுக்கு 14 நாள், அதற்கும் மேல் 21 நாள். இதுவும் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்குச் சொன்ன கணக்கு. நாம் போடுவது ஃபிளை ஆஷ் என்ற நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்; அதற்குக் காலத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டுமே தவிரக் குறைக்க வழியில்லை. உங்கள் ஷெட்யூலிலும் 'முட்டு எடுக்கக் காத்திருப்பு: 7 நாள்' என்றுதான் இருக்கிறது. திரையில் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது.

ஆனால் பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் தேதியைப் பாருங்கள். செவ்வாய் காலை 8 மணிக்கு ஆரம்பித்து, ஞாயிறு மதியம் 3 மணிக்கு முடிகிறது. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, அப்புறம் ஞாயிறு பாதிக்குச் சற்று மேல். விரல் விட்டு எண்ணினாலும் ஆறு தாண்டவில்லை. பெயர் மட்டும் ஏழு நாள்.

இது எப்படி நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். மென்பொருள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சொன்னதைத்தான் அது செய்தது. அந்த மென்பொருளான எம்.எஸ். புராஜெக்ட் கால அளவை நாளாக வைத்துக்கொள்வதில்லை, நிமிடமாகத்தான் வைத்துக்கொள்கிறது. '7 நாள்' என்று தட்டினால், ஒரு நாளுக்கு எத்தனை மணி என்று ஆப்ஷன்ஸில் இருப்பதைப் பெருக்கிக்கொள்ளும். அங்கே யாரும் கை வைக்காததால் அது பிறந்தது முதல் 8 ஆகவே இருக்கிறது. ஏழெட்டு ஐம்பத்தாறு மணி. சரி. ஆனால் ரெக்கவரி என்று சொல்லி நீங்கள் காலண்டரை மட்டும் மாற்றினீர்கள்: காலை 8 முதல் 1 வரை, மதியம் 2 முதல் இரவு 7 வரை, நாளுக்கு 10 மணி நேரம், ஞாயிறும் வேலை நாள். அந்த ஐம்பத்தாறு மணி புதிய காலண்டரில் ஐந்து நாளும் ஆறு மணி நேரமுமாகச் சுருங்கிப் போனது. பீம் முட்டின் பதினான்கு நாளும் அதே கணக்கில் பதினோரு நாள் சொச்சம் ஆகியிருக்கிறது. கால அளவுப் பத்தியில் மட்டும் 7, 14 என்று பழைய எண்கள் அசையாமல் நிற்கின்றன.

ஒரே ராத்திரியில் திட்டத்தின் காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகிவிட்டது! ஒரு சட்டிக் காங்கிரீட் கூடக் கலக்கவில்லை, ஒரு கம்பி கூடக் கட்டவில்லை. ரிவ்யூ மீட்டிங்கில் அதற்குக் கைதட்டல் விழுந்ததாகக் கேள்விப்பட்டேன். நாங்களும் கை தட்டியிருப்போம், தகவல் சொல்லியிருந்தால்.

கம்பி கட்டுகிறவர் பத்து மணி நேரம் வேலை செய்தால் வேலை கொஞ்சம் சீக்கிரம் முடியலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிமென்ட் ஓவர்டைம் பார்க்காது. அது ராத்திரியும் இறுகும், ஞாயிறும் இறுகும். நம் காலண்டர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இந்த மாதிரிக் காத்திருப்புக்கென்றே அந்த மென்பொருளில் வழி வைத்திருக்கிறார்கள். '7டி' (7d) என்று தட்டும் இடத்தில் நடுவில் ஒரு 'இ' (e) சேர்த்து '7இடி' (7ed) என்று தட்டினால், இருபத்து நான்கு மணி நேரக் கணக்கில், விடுமுறை வேலைநாள் பார்க்காமல் ஓடும். திங்கள் மாலை ஏழுக்கு ஆரம்பித்தால் அடுத்த திங்கள் மாலை ஏழுக்குத்தான் முடியும். ஓர் எழுத்து. அந்த ஓர் எழுத்தின் விலையைத்தான் மேஸ்திரி பன்னிரண்டாயிரமாகக் கட்டியிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், ஷெட்யூலை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்த எங்கள் ஜூனியர் பையன் அவரிடம் போய், "மூணு மணிக்கு முட்டு எடுக்கணும் மேஸ்திரி, பிளான்ல இருக்கு" என்று சொல்லியிருக்கிறான். அவன் மேல் தப்பில்லை. தாளில் அப்படித்தான் இருந்தது. அவர் சொன்ன பதில் இது: "காயிதத்துல நீங்க என்ன வேணா எழுதிக்கங்க தம்பி. ஏழு நாள் முழுசா ஆகாம நான் முட்டுல கை வைக்க மாட்டேன்." செவ்வாய் காலை வந்துதான் பிரித்தார். உங்கள் கணக்கில் ஒரு தளத்துக்குப் பதினான்கு வேலை மணி நேரத் தாமதம், மூன்று தளத்துக்கும் சேர்த்து நான்கு நாள். உங்கள் கடிதத்தில் இதற்கு 'ஒப்பந்ததாரரின் ஒத்துழையாமை' என்று பெயர்.

பில் பிடித்த விஷயத்தை அவரிடம் சொன்னவன் நான். அவர் சத்தம் போடவில்லை. "சரியாப் பண்ணதுக்கா சார் புடிச்சாங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அவருக்குக் கீழே பதினாறு பேர். அந்த வாரக் கூலியை அவர் கடன் வாங்கித்தான் கொடுத்தார். அவர் அன்றைக்குப் பையன் பேச்சைக் கேட்டு முட்டுகளை எடுத்து, ஸ்லாப் தொய்ந்திருந்தால், அப்போதும் பில் பிடித்திருப்பீர்கள். காரணம் மட்டும் வேறாக இருந்திருக்கும்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: நாள் போடுவதற்கு முன்னால் கேளுங்கள்.

இது முட்டோடு நிற்கவில்லை. லிஃப்ட் குழிச் சுவருக்குக் கம்பி கட்ட நான்கு பேர், ஆறு நாள் என்று நாங்கள் கொடுத்திருந்தோம். நீங்கள் எட்டுப் பேர் என்று மாற்றினீர்கள். மென்பொருளும் மூன்று நாள் என்று கக்கிவிட்டது. அந்தக் குழிக்குள் இறங்கிப் பார்த்தால் தெரியும். நாலு பேர் நின்றால் ஐந்தாமவருக்குக் குனிய இடம் இல்லை. மீதி நாலு பேர் மேலே நின்று வேடிக்கை பார்ப்பார்கள், கூலி மட்டும் எட்டுப் பேருக்கு.

மழை என்று ஒன்று இருப்பதே உங்கள் காலண்டருக்குத் தெரியவில்லை. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நான் வேறொரு சைட்டில் இருந்தேன். பேஸ்மென்ட் குழி நிறையத் தண்ணீர். மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தோம். ஷெட்யூலில் அந்த வாரம் அடித்தள ராஃப்ட் காங்கிரீட் ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு நீங்கள் கொடுத்திருப்பது ஒரு நாள். தீபாவளி முடிந்து ஆறேழு நாளில் சட் பூஜை; அதற்குப் பீகார் ஆட்கள் ஊருக்குப் போனால் ரயில் பயணத்தையும் சேர்த்து எப்போது திரும்புவார்கள் என்பது ஒவ்வொரு சைட் செக்யூரிட்டிக்கும் தெரியும். ஹெட் ஆபீஸுக்கு மட்டும் ஒவ்வொரு வருடமும் அது புதுச் செய்தி.

இன்னொன்று. புதிதாக ஒரு வேலையைச் சேர்த்தால் மென்பொருளே '1 நாள்' என்று போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் வைக்கும். இது உத்தேசம்தான், யாரும் இன்னும் யோசித்துப் போடவில்லை என்று அதற்கே அவ்வளவு அடக்கம் இருக்கிறது. எங்கள் ஃபைலில் கேள்விக்குறியோடு நாங்கள் அனுப்பிய முப்பத்தி இரண்டு வேலைகள் கேள்விக்குறி போய்த் திரும்பி வந்தன. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால் எல்லாமே 5 நாள், 10 நாள். பிளம்பிங் பிரஷர் டெஸ்ட்டும் 5 நாள், நாற்பது ஃபிளாட்டுக்கு டைல்ஸ் ஒட்டுவதும் 10 நாள். முடிவுத் தேதியை முதலில் எழுதிவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி வகுத்துக்கொண்டு வந்தால் இப்படித்தான் வரும். அந்தத் தேதியையும் 'இந்த நாளில் முடிந்தே தீர வேண்டும்' என்று ஆணி அடித்து வைத்திருக்கிறீர்கள். முன்னால் உள்ள வேலை பத்து நாள் தள்ளிப் போனாலும் ஒப்படைப்பு நாள் அசைவதில்லை. திரையில் ஓரத்தில் ஒரு சின்ன சிவப்பு அடையாளம் வருகிறது, அவ்வளவுதான். மென்பொருளைத் திட்டம் போட வாங்கினோமா, சமாதானம் சொல்ல வாங்கினோமா என்று சில நாள் எனக்கே சந்தேகம்.

கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன். மன்னிக்கவும். உங்களுக்கும் மேலிருந்து நெருக்கடி இருக்கும், வாங்கியவர்களுக்குச் சொன்ன தேதி இருக்கும். புரிகிறது.

ஆனால் கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை. 1950-களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக பெர்ட் என்ற திட்டமிடும் முறையைக் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கணக்கு வாங்கினார்கள்: எல்லாம் கூடிவந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, எல்லாம் கெட்டால் எத்தனை. நடுவில் உள்ளதை நாலால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, ஆறால் வகுத்தார்கள். நான் மேஸ்திரியிடம் ஒரு தளத்துச் சென்ட்ரிங், கம்பி இரண்டுக்கும் அப்படிக் கேட்டேன். கூடிவந்தால் 8, வழக்கமாக 10, மழை வந்தோ ஆள் ஊருக்குப் போயோ கெட்டால் 18 என்றார். கணக்குப் போட்டால் 11. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்த வேலை. உங்கள் ஷெட்யூலில் இருப்பது 8. அதாவது மழையும் பெய்யாமல், பண்டிகையும் வராமல், கம்பி லாரியும் பஞ்சராகாமல் இருந்தால்.

ஆகவே பணிவாகக் கேட்கிறேன். முட்டு, காங்கிரீட்டுக்குத் தண்ணீர் விடும் கியூரிங் போன்ற காத்திருப்புகளை எல்லாம் முழு நாள் கணக்குக்கு மாற்றுங்கள். காலண்டரில் பத்து மணி என்றால் ஆப்ஷன்ஸிலும் பத்து என்று வையுங்கள்; மாற்றியபின் ஒவ்வொரு வேலையின் நாளையும் எங்களோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். நாங்களே கிண்டி தலைமை அலுவலகத்துக்கு வருகிறோம், நீங்கள் வெயிலில் வர வேண்டாம். இனி எந்த வேலைக்கும் நாள் போடுவதற்கு முன்னால் சைட்டைக் கேளுங்கள். மேஸ்திரியிடம் பிடித்த பன்னிரண்டாயிரத்தைத் திருப்பிக் கொடுங்கள். அந்தக் கடிதத்தில் உள்ள 'ஒத்துழையாமை' என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள்.

ஏழாவது தள ஸ்லாப் வரும் வியாழக்கிழமை போடுகிறோம். இப்போதுள்ள ஷெட்யூல்படி அடுத்த புதன் மதியம் மூன்று மணிக்கு முட்டு எடுக்க வேண்டும். அதற்குள் பதில் வந்தால் சுவரில் ஒட்டியிருக்கும் தாளை மாற்றிவிடுவேன். வராவிட்டால் வியாழன் இரவுக்குமுன் அவர் தொடப் போவதில்லை, நானும் தொடச் சொல்லப் போவதில்லை. இந்த முறை தாமதக் கடிதத்தில் என் பெயரையே போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பணிவுடன்,
சைட் பிளானிங் என்ஜினீயர்