அண்ணாச்சி கடை ஐஸ் பெட்டிக்கும் மற்ற எல்லோருக்கும்

அந்த மழையைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் தூத்துக்குடியில் இருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். பொங்கலும் கழிந்துவிட்டது. என் வீட்டில் நனைந்த புத்தகங்கள் 143. இன்று அவற்றில் 118 அலமாரிக்குத் திரும்பிவிட்டன. அந்த 118-க்கும் யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறேனோ அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் தெருமுனைக் கடை அண்ணாச்சிக்கு.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் கடை இருக்கும் வரிசைக்கு மட்டும் கரண்ட் வந்தது. தெருவே அங்கே போன் சார்ஜ் போட நின்றது. ஓய்வுபெற்ற நூலகர் அம்மா ஒருவரிடம் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தேன். “ஈரம் பட்டு 48 மணி நேரத்துக்கு மேல போனா பூஞ்சை பிடிச்சிரும். எங்கயாவது ஐஸ்ல வைக்க முடியுமா பாரு” என்றார் அவர். நான் பதில் சொல்வதற்குள் அண்ணாச்சி ஒரு பழைய வேட்டித் துணியை எடுத்து, கடை வாசலில் இருந்த ஐஸ்கிரீம் பெட்டியின் உட்புறத்தைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். “இருந்த ஐஸ் எல்லாம் உருகிப் போச்சு. பெட்டி சும்மாதான கெடக்கு. கொண்டாந்து வையிம்மா.” அவ்வளவுதான் பேச்சு. அவருக்கே அன்றைக்கு எவ்வளவு நஷ்டம் என்று தெரு முழுக்கத் தெரியும். கரண்ட் பில்லுக்கென்று நீட்டிய பணத்தை இன்றுவரை அவர் வாங்கவில்லை.

அந்தப் பெட்டி என்ன செய்தது என்பதை விவரமாகச் சொல்லிவிடுகிறேன், இன்னொரு வீட்டுக்கும் உதவும். மைனஸ் 18 டிகிரியில் பூஞ்சை சாவதில்லை, வளராமல் அப்படியே நின்றுவிடும். பசை மேலும் கரையாது, மை மேலும் பரவாது. புத்தகம் அங்கே காய்வதும் இல்லை. கிடைப்பது அவகாசம் மட்டும். 143 ஈரப் புத்தகங்களை ஒரே வாரத்தில் உலர்த்த எந்த வீட்டிலும் இடமோ ஆளோ கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து நிதானமாக உலர்த்த முடிந்தது அந்தப் பெட்டியால்தான்.

வைப்பதிலும் முறை உண்டு. சேறு பட்ட புத்தகத்தைத் திறக்கவே கூடாது. மூடியபடி இறுகப் பிடித்து, நல்ல தண்ணீர் நிறைந்த மூன்று வாளிகளில் ஒன்றன்பின் ஒன்றாக முக்கி எடுக்க வேண்டும். தேய்த்தால் மண் தாளுக்குள் ஏறிவிடும். பேனா மையில் எழுதியது இருந்தால் இந்தக் குளியலும் வேண்டாம். பிறகு ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் தளர்வாகச் சுற்றி, முதுகு கீழே இருக்கும்படி ஒரே வரிசையாக அடுக்கினோம். ஒன்றின் மேல் ஒன்றாகக் குவித்தால் அடியில் இருப்பது அந்தக் கோணலிலேயே உறைந்துபோகும்.

உலர்த்துவதற்குத் தாள் தந்த அச்சகத்து அண்ணன்மாருக்கும் நன்றி. ரோலில் மிஞ்சிய அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் இரண்டு மூட்டை. பழைய பேப்பர் எடைக்கடையில் கிடைக்கும்தான், ஆனால் அதன் மை ஈரத் தாளில் ஒட்டிக்கொள்ளும். இருபது, இருபத்தைந்து தாளுக்கு ஒன்றாகச் செருகினோம். ஆசையில் நிறையச் செருகிவிடக் கூடாது. செருகும் தாளின் மொத்தத் தடிமன் புத்தகத்தின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் முதுகு பிளந்துவிடும். முதல் நாள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்ற வேண்டும். ஃபேன் காற்று அறையில் ஓடினால் போதும், நேரே பக்கங்களில் அடிக்க வேண்டாம். “மொட்டை மாடியில போட்டா ஒரே நாள்ல காஞ்சிரும்” என்று அன்போடு சொன்னவர்கள் பலர். வெயிலில் தாள் அப்பளம்போல் நெளிந்து மஞ்சளாகும், ஒட்டுப் பைண்டிங் இளகிப் பக்கம் பக்கமாகக் கையோடு வரும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க நூலகர் அம்மா சொன்ன வழி, நடுப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது. விரலுக்குக் காய்ந்ததாகத் தெரிவது கன்னத்தில் சில்லென்று இருக்கும். சில்லென்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. மறுபடியும் தாள் செருக வேண்டியதுதான். சில்லிப்பு போன பிறகு பலகைக்கும் செங்கலுக்கும் அடியில் இரண்டு மூன்று நாள். இந்த அம்மாதான் 1966-ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு நூலகத்துக்குள் புகுந்தபோது, புகையிலை உலர்த்தும் சூளைகளில் புத்தகங்களைக் காயவைத்த கதையைச் சொன்னவர். ராத்திரி பதினொரு மணிக்கும் போனை எடுத்தீர்கள் அம்மா. மறக்க மாட்டேன்.

போனவை 14. பெரும்பாலும் ஆர்ட் பேப்பரில் அச்சான பயணப் படப் புத்தகங்கள். அந்தத் தாளின் பூச்சு ஈரத்தில் பசையாகும். பெட்டிக்குப் போகும் முன்பே பாதி காய்ந்து, ஒரே கட்டியாகிவிட்டன. தஞ்சாவூரில் வாங்கிய கோயில் ஓவியப் புத்தகத்தை இனிச் செங்கல் என்றுதான் சொல்ல வேண்டும். பயண நோட்டுகளில் பால்பாயிண்டில் எழுதியது அப்படியே இருக்கிறது, மைப்பேனாவில் எழுதிய ஹம்பி நாட்கள் நீலக் குளமாகிவிட்டன. அடையாளத்துக்குச் செருகி வைத்திருந்த பஸ் டிக்கெட்டுகளில் மெஷின் டிக்கெட் எல்லாம் வெறும் வெள்ளைத் தாள். பழைய ரோஸ் நிற டிக்கெட் ஒன்று மட்டும் தன் சாயத்தை 57-ஆம் பக்கத்தில் விட்டுப் போயிருக்கிறது. அந்தக் கறையை நான் எடுக்கப் போவதில்லை.

இடுப்பளவுத் தண்ணீரில் அட்டைப்பெட்டிகளைத் தலையில் சுமந்து மாடிக்கு ஏற்றிய பக்கத்து வீட்டுத் தம்பிகள், கொடிக்கயிறு கட்டித் தந்த மேல்வீட்டு அத்தை, ஆபீஸில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்த இரண்டு தோழிகள், N95 மாஸ்க்கும் மெல்லிய பிரஷ்ஷும் வாங்கிக் கூரியரில் அனுப்பிய மதுரைச் சித்தி, பூஞ்சை பிடித்த ஒன்பது புத்தகங்களைத் தனியாக வராந்தாவில் வைத்துப் பொறுமையாகத் துடைத்த என் தங்கை: உங்கள் எல்லோருக்கும் நன்றி.

இனி என் அலமாரியில் கீழ்த்தட்டு காலியாகவே இருக்கும். பட்டர் பேப்பர் சுருள் ஒன்று, நியூஸ்பிரிண்ட் கட்டு ஒன்று, நான்கு பலகை, எட்டுச் செங்கல் பரணில் ஏற்றிவிட்டேன். அவை என் வீட்டுக்கு மட்டுமல்ல. நம் தெருவில் எந்தப் பிள்ளையின் பாடப்புத்தகம் நனைந்தாலும், எந்த நேரமானாலும், என் கதவைத் தட்டுங்கள்.

அண்ணாச்சி, இன்னும் 11 புத்தகங்கள் பெட்டியில் இருக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து. எடுத்ததும் பெட்டியை நானே கழுவித் துடைத்துத் தருகிறேன். மாசி பிறந்து ஐஸ்கிரீம் வண்டி வரும்போது பெட்டி முழுக்க உங்களுக்குத்தான்.