சொரியாசிஸ் முற்றினால் உயிருக்கே ஆபத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற குறுவை நடவு நேரத்தில், தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ் நோய் பல ஆண்டுகளாக உள்ள என் சித்தப்பாவின் உடல் முழுவதும் இரண்டே நாளில் சிவந்துவிட்டது. பாயை உதறினால் கைப்பிடியளவு செதில் உதிர, ஆனி வெயிலிலும் அவர் போர்வைக்குள் நடுங்கினார். மருந்துக்கடை ஒன்றில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரைகளைத் திடீரென நிறுத்தியதே காரணம் என்றார் மருத்துவர். எரித்ரோடெர்மா எனப்படும் இந்நிலையில் தோல் வழியே நீரும் வெப்பமும் புரதமும் வெளியேறி, கிருமித்தொற்றும் இதயச் செயலிழப்பும் நேரலாம் என்பதால், களிம்பு தடவிக் காத்திராமல் அன்றே மருத்துவமனையில் சேர்த்துவிட வேண்டும்.

நோய் எதிர்ப்பாற்றலின் கோளாறால் வரும் சொரியாசிஸ் தொட்டால் ஒட்டாது. ஆயினும் எங்கள் ஊர் டீக்கடையில் அவருக்கென்று தனிக் குவளை வைத்திருந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதைக்கிறது. உலக சுகாதாரப் பேரவை 2014இலேயே இதனைத் தொற்றா நோயென்று தீர்மானத்தில் குறித்துள்ளது.

இதற்கு ஒளிச் சிகிச்சை, எதிர்ப்பாற்றலின் மிகைச் செயலைத் தணிக்கும் மெத்தோட்ரெக்ஸேட், சைக்ளோஸ்போரின் மருந்துகள், உயிரியல் ஊசிகள் எனச் சிகிச்சைகள் உண்டு. இவற்றுள் மெத்தோட்ரெக்ஸேட்டை வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறி நாள்தோறும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். ஆகவே டெல்டா மாவட்ட அரசு மருத்துவமனைகளில் அம்மாத்திரை உறையின் மீது கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதித் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.