ஹட்டன் டயர் கடை அண்ணனுக்கு

போன ஆனி மழையில் ஹட்டன் டவுன் படியில் ஊன்றுகோல் வழுக்கி விழுந்தேன். கோலடி ரப்பர் தேய்ந்து மொழுமொழுவென்று கிடந்தது. டயர் ஒட்டும் கடையிலிருந்து ஓடிவந்து தூக்கிவிட்ட அண்ணே, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

"ஐயோ பாவம்" என்று சொல்லாமல், "இதுக்கு என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க தங்கச்சி" என்றீர்களே, அது எனக்குப் பெரிசு. பழைய மோட்டார் சைக்கிள் டயரில் பள்ளம் ஆழமான இடத்தை நான் காட்டினேன், நீங்கள் வெட்டினீர்கள். முதல் துண்டு சரிவரவில்லை, கோல் ஒரு பக்கம் சாய்ந்தது. இரண்டாவதை வட்டமாகச் சீவி ஒட்டி, நுனியில் சைக்கிள் டியூபையும் இறுக்கிச் சுற்றினோம்.

அப்புறம் நட்டைக் கழற்றி உயரத்தையும் ஒரு ஓட்டை குறைத்தோம். மேல் பஞ்சுக்கும் அக்குளுக்கும் நடுவே 2 விரல் இடைவெளி வேண்டும், பாரம் கையில்தான் விழ வேண்டும். இல்லாவிட்டால் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும். கோலைத் தந்த இடத்தில் இதை யாரும் சொல்லவில்லை, மரத்த கைதான் சொல்லித்தந்தது.

காசு வாங்கவில்லை, பால் போடாத பிளேன்டியும் நீங்களே வாங்கித் தந்தீர்கள். இப்போது தோட்டத்து லய வீடுகளுக்கு இறங்கும் செம்மண் சரிவில் கோல் நின்று பிடிக்கிறது. பக்கத்து வீட்டுத் தாத்தாவின் கைத்தடிக்கு நானே ஒன்று வெட்டிக் கொடுத்தேன். கொஞ்சம் கோணல்தான்.

ரொம்ப நன்றி அண்ணே.