வயிற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுகர் நோயாளிகள் ஒழுங்காக மாத்திரை போடுவதில்லை என்று டாக்டர்கள் குறைபட்டுக்கொள்வதை அடிக்கடி படிக்கிறேன். ஏன் போடுவதில்லை என்று கேட்டால் என் பதில் கொஞ்சம் கூச்சமானது.

தண்டையார்பேட்டையிலிருந்து மண்ணடிக்கு வேலைக்குப் போகிறவள் நான். சுகர் என்று தெரிந்ததும் மெட்பார்மின் எழுதித் தந்தார்கள். எடுத்த எடுப்பிலேயே ஆயிரம் மில்லிகிராம், காலையும் இரவும். கூடவே கிளிமிபிரைடு. மாத்திரை தந்த இடத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வார்த்தை: "சாப்பாட்டுக்கு முன்னாடி." நானும் வெறும் வயிற்றில் விழுங்கினேன். நாலாம் நாள் பஸ் கல்மண்டபம் தாண்டும்போது வயிறு கலக்கியது. பாதி வழியில் இறங்கி ஒரு பெண் எங்கே போய்க் கழிப்பறை தேடுவாள்? அன்று பட்ட அவஸ்தையில் வேலை நாட்களில் மாத்திரையையே நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டுக்கொள்வேன்! மூன்று மாதச் சுகர் சராசரி (எச்பிஏ1சி) 9.8-க்கு ஏறியது. டாக்டரிடம் மட்டும் "தினமும் போடுறேன்" என்று சாதித்தேன்.

வேறொரு டாக்டர்தான் விஷயத்தைக் கறந்தார். கிளிமிபிரைடு சாப்பாட்டுக்குச் சற்று முன். மெட்பார்மின் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட கையோடு. ஐந்நூறில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெதுவாகக் கூட்டினால் குடல் பழகிவிடுமாம். மெல்லக் கரையும் எஸ்ஆர் மாத்திரைக்கும் மாற்றிக் கொடுத்தார். இப்போது இரண்டு இட்லி உள்ளே போனதும் மாத்திரை, அப்புறம் மூன்றாவது இட்லி. மூன்று வாரத்தில் பொருமலும் குமட்டலும் அடங்கின.

இந்த எஸ்ஆரிலும் ஒரு கூத்து. பக்கத்து வீட்டு ஆயா, மாத்திரை கரையாமல் அப்படியே மலத்தில் வருகிறது, காசுக்குப் பிடித்த கேடு என்று நிறுத்தப் பார்த்தார். வருவது வெறும் கூடுதான், மருந்து உடம்பில் இறங்கிவிட்டது என்று சொன்ன பிறகே சமாதானமானார். அதை உடைத்தோ பொடித்தோ போடக் கூடாது என்பதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கடுமையான வாந்தி பேதி கண்டால் அன்று மாத்திரையைத் தொடரலாமா என்று உடனே டாக்டரிடம் கேட்பது அவசியம், அதுவும் சிறுநீரகம் பழுதானவர்கள். பல வருடம் ஒத்துக்கொண்ட மாத்திரை திடீரென்று பேதியாக்கினாலும், பழியை மாத்திரை மேல் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. வேறு காரணம் இருக்கலாம்.

இதையெல்லாம் யார் சொல்வது? 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிபி மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. கொண்டுவரும் பெண்கள் "சுகர் எவ்வளவு?" என்பதோடு "வயிறு எப்படி இருக்கு?" என்றும் கேட்கட்டும். பெண்ணுக்குப் பெண் என்றால் வெட்கப்படாமல் சொல்வோம். மெட்பார்மின் உறையிலும் 'சாப்பாட்டோடு' என்று கொட்டை எழுத்தில் தமிழில் அச்சடித்தால் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.