நண்பகலுக்கும் மலிவுக் கட்டணம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2030க்குள் மின்சாரத்தில் 70 வீதம் மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி, 2050இல் காபன் நடுநிலை. இலங்கையின் இலக்கு இது, நல்லதுதான். ஆனால் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைவு என்று, கூரைச் சோலாரைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. வெயில் கொட்டும்போது கரண்ட் வேண்டாம், பொழுதுபட்டதும் கெரவலப்பிட்டி மின்நிலையத்தில் எண்ணெய் எரிக்கிறோம்!

அதற்கு இரண்டு மாதம் முன்பு, பெப்ரவரி 9ஆம் திகதி, நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. சரி, குரங்கே தொட்டிருக்கட்டும். தேவை குறைந்த ஞாயிறு, சோலார் நிறைய, திடீர் அதிர்ச்சியைத் தாங்கிப் பிடிக்கும் பெரிய சுழலிகள் கொஞ்சம். வலையமைப்பு அந்த ஒரு அடியைத் தாங்கவில்லை. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையமும் நின்றுபோய், அடுத்த நாட்களிலும் மின்வெட்டு.

நான் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நிர்வாகச் சபைச் செயலாளர். மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கிகள், லிஃப்ட் அறை, உடுப்புக் கொடிகள், போதாததற்குப் பக்கத்துக் கட்டடத்தின் நிழல். சோலார் போட வழியில்லை. ஆனால் கீழ்த் தாங்கியிலிருந்து மேலே தண்ணீர் ஏற்றும் மோட்டர் இருக்கிறது. எல்லாரும் வேலையால் வந்து குளிக்கத் தொடங்க மேல்தாங்கி வற்றும். காவலாளி ஏழு மணியளவில் சுவிட்சைப் போடுவார். மாலை 6.30 முதல் 10.30 வரை நாட்டுக்கே உச்சத் தேவை நேரம். இந்த வீதியில் எத்தனை கட்டடம், எத்தனை மோட்டர்!

நண்பகலில் ஏற்றிவைக்கலாமே என்றேன். "அதால எங்களுக்கென்ன லாபம் தம்பி?" என்று கூட்டத்தில் ஒரு ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. நேரத்துக்கு நேரம் விலை மாறும் நேரவாரிக் கட்டணத்தில் மலிவு இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரைதான். சோலார் இல்லாத காலத்துக் கணக்கு அது. புதிதாக வந்திறங்கும் மின்சாரக் கார்களும் அதனால்தான் இரவில் சார்ஜ் ஏறுகின்றன. அலுவலகத் தரிப்பிடத்தில் பகல் முழுக்கச் சும்மா நிற்கின்றன.

பகல் மின்சாரத்தைச் சேமிக்கப் பெரிய பற்றரிகளும், தண்ணீரை மேலேற்றி வைத்துப் பிறகு மின்சாரம் எடுக்கும் மகா ஓயா நீரேற்றுத் திட்டமும் தேவைதான், ஆனால் அவற்றுக்குக் காலம் எடுக்கும். காலை 10 முதல் பிற்பகல் 3 வரை ஒரு மலிவுக் கட்டணத்தை, மின்கட்டணங்களுக்கு அனுமதி தரும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அடுத்த திருத்தத்திலேயே கொண்டுவரலாம். நேரம் பிரித்துக் கணக்கிடும் மீற்றருக்கு மாற்றும் செலவு யாருடையது என்பார்கள். எங்கள் மோட்டரும் லிஃப்டும் ஒரே பொது மீற்றரில்தான் ஓடுகின்றன. அதற்கு நாங்களே தருகிறோம். கூட்டத்தில் ஒப்புதல் வாங்குவது என் பாடு.

தொடர்மாடிச் செயலாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.