தீர்ப்பின் முன் பக்கங்களையும் படியுங்கள்

தமிழ்நாடு அரசின் மனிதவள மேலாண்மைத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் ஓர் அலுவலகத்தின் பணியமைப்புப் பிரிவில் பல வருடம் கோப்பு எழுதியவன். குற்ற வழக்கில் விடுதலையான இளநிலை உதவியாளர் ஒருவரின் மனு ஒருமுறை என்னிடம் வந்தது. சஸ்பெண்ட் ஆகியிருந்த காலத்தைப் பணிக்காலமாகச் சேர்த்து, நிலுவைச் சம்பளத்தைத் தரும்படி கேட்டிருந்தார். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் 'சந்தேகத்தின் பலனை அளித்து', அதாவது குற்றம் ஐயமின்றி நிரூபணமாகாததால், விடுவிப்பதாக இருந்தது. அதை அடிக்கோடிட்டு, 'கோரிக்கையை ஏற்க இயலாது' என்று குறிப்பு எழுதி அனுப்பிவிட்டேன். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு மேல்முறையீடு எழுதிக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான் தீர்ப்பை முழுசாகப் படித்தேன். வழக்குக்கு அடிப்படையான ஆவணத்தில் அவர் கையெழுத்தே இல்லை. நான் எழுதிய அந்தக் குறிப்பு இன்றும் உறுத்துகிறது.

குற்றமற்றவர் என்று களங்கமின்றி விடுவிக்கப்படுவதைக் குறிக்க அலுவலகங்களில் சொல்லும் 'கௌரவமான விடுதலை' என்றொரு வகையே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கிடையாது. ஆதாரமே இல்லாத வழக்கிலும் பழக்கத்தில் 'சந்தேகத்தின் பலன்' என்று தீர்ப்பில் எழுதிவிடுகிறார்கள். அந்தச் சொற்களைப் பிடித்துக்கொள்ளாமல் தீர்ப்பின் சாரத்தைப் பார்க்க வேண்டும் என்று, ராஜஸ்தான் காவலர் ஒருவரின் வழக்கில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவருக்கு வேலையும் பாதி நிலுவைச் சம்பளமும் கிடைத்தன.

எல்லா விடுதலையும் ஒன்றல்ல, சரி. சாட்சிகள் பிறழ்ந்ததால் தப்பித்தவரையும் எதுவுமே செய்யாதவரையும் ஒரே தட்டில் வைக்கச் சொல்லவில்லை. நம் மாநிலக் காவலர் ஒருவரின் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் அந்த வேறுபாட்டைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் மனு கொடுத்தவர் எந்த வகை என்று தெரிய, தீர்ப்பை யாராவது படித்தாக வேண்டுமே!

வேலைக்கு வரத் தயாராக இருந்தவரை நிர்வாகமே தடுத்து வைத்திருந்தால், 'வேலை இல்லையேல் சம்பளம் இல்லை' என்ற வாதம் பொதுவாகப் பொருந்தாது என்றது உச்ச நீதிமன்றத்தின் 1991-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று. சந்தேகத்தின் பலனில் விடுதலையானால் நிலுவையை மறுக்கவும் அதே தீர்ப்பு இடம் தருகிறது. என் அனுபவத்தில் கோப்புகளில் ஏறுவது இந்த இரண்டாவது பகுதிதான். நான் எழுதியதும் அப்படித்தான்.

இதற்குள் அந்த மனிதருக்கு என்னவெல்லாம் போய்விடுகிறது! சஸ்பெண்ட் காலத்தில் சம்பளத்துக்குப் பதில் தரும் குறைந்த தொகையான பிழைப்பூதியத்தில் வருடக்கணக்கில் குடும்பம் ஓட வேண்டும். இன்கிரிமென்ட் நிற்கும். பதவி உயர்வுப் பேனலில் ஜூனியர்கள் தாண்டிப் போவார்கள். வழக்கு முடிவதற்குள் ஓய்வு வயது வந்துவிட்டால் பணிக்கொடையும் நின்றுபோகும்.

அரசு ஊழியர்களுக்கான பணி விதிகளில் ஒன்றான அடிப்படை விதி 54-பி, மீண்டும் பணியில் சேர்ப்பவருக்குச் சம்பளம் எவ்வளவு, சஸ்பெண்ட் காலம் பணிக்காலமா என்று தனியாக ஆணையிடச் சொல்கிறது. அந்த ஆணைக்கு ஒரு கெடு வையுங்கள். தீர்ப்பு நகல் வந்து, மேல்முறையீடு இல்லை என்று முடிவானதிலிருந்து மூன்று மாதம் போதும். மறுப்பதானால், தீர்ப்பின் எந்தப் பத்தியை வைத்து மறுக்கிறோம் என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன் ஊழியரைக் கூப்பிட்டு அவர் பக்கத்தையும் கேட்கட்டும். ஓய்வு பெற்றவர்களுடைய பணிக்கொடைக் கோப்புகளை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குக் காத்திருக்க வயது இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவர்