ஹாலோவீன் ராத்திரிக்கு என்ன படம் போடலாம்?

அன்புள்ள கயல்,

அமெரிக்காக்காரர்கள் பேய் வேஷம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் அன்று ராத்திரி உன் பிட்ஸ்பர்க் ஃபிளாட்டுக்கு ஏழெட்டுப் பேர் வருகிறார்கள், பழைய பேய்ப் படமாகப் போடலாம் என்று இருக்கிறோம், எதெது நல்லது என்று கேட்டிருந்தாய். தஞ்சாவூரில் வீடியோ கேசட் கடை வைத்துப் பிழைத்தவனிடம் இதைக் கேட்டால் ஒரு வரியில் பதில் வராது என்று உனக்குத் தெரியும். டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

எந்தப் படம் என்பதைவிட எதற்கு அப்புறம் எது என்பதுதான் முக்கியம். எண்பதுகளில் காதுகுத்து, கல்யாணம், ஊர்த் திருவிழா என்றால் கலர் டிவியும் டெக்கும் ஒரு ராத்திரிக்கு வாடகை எடுப்பார்கள், கூடவே மூன்று கேசட், விடிய விடிய ஓடும். எதை முதலில் போட வேண்டும் என்று என்னிடம்தான் கேட்டுக்கொண்டு போவார்கள். மூன்றாவது படம் ஆரம்பிக்கும்போது பாதிப் பேர் திண்ணையில் சாய்ந்திருப்பார்கள், அதனால் நிதானமாகப் போகிற நல்ல படத்தைக் கடைசியில் வைத்தால் அது வீண். ரத்தக்களறியை முதலிலேயே போட்டுவிட்டால் அதற்குப் பிறகு எதைப் போட்டாலும் எடுபடாது. பிட்ஸ்பர்க்கிலும் மனுஷன் மனுஷன்தானே, அதே கணக்குதான்.

ஆட்கள் வந்து சேரும்வரை, சின்னப் பிள்ளைகள் மிட்டாய்க்காகக் கதவைத் தட்டி முடிக்கும்வரை, நொஸ்ஃபெராட்டு ஓடட்டும். 1922-இல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த மௌனப் படம். வசனம் காதில் விழ வேண்டியதில்லை என்பதால் நீங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே சாப்பிடலாம், மாடிப்படியில் அந்த நீள விரல் நிழல் ஏறும்போது மட்டும் பேச்சு தானாக நின்றுவிடும். பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலா நாவலை உரிமை வாங்காமல் எடுத்த படம் இது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, எல்லாப் பிரதிகளையும் அழித்துவிட வேண்டும் என்று தீர்ப்பே வாங்கிவிட்டார். அங்கங்கே தப்பிய பிரதிகளால்தான் இன்று நமக்குக் கிடைக்கிறது. ஒன்று கவனி, வெறும் கறுப்பு வெள்ளைப் பிரிண்டைப் போட்டுவிடாதே. ராத்திரிக் காட்சிகளைப் பகலில் எடுத்து, பிறகு நீலச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். சாயம் இல்லாத பிரிண்டில் ரத்தக் காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு நடப்பான், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்புதான் வரும். சரிசெய்து வெளியிட்ட, நிறம் ஏற்றிய பிரிண்டாகப் பார்த்து எடு.

எல்லாரும் உட்கார்ந்ததும் முதல் படம் கேட் பீப்பிள், 1942. எழுபத்துச் சொச்சம் நிமிஷம்தான். ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ, வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரிடம் தலைப்பை மட்டும் கொடுத்து, ஒன்றரை லட்சம் டாலருக்குள் ஒரு படம் எடுத்துக் கொடு என்றது. ஒரு பெண் சிறுத்தையாக மாறுகிற கதை, மாறுவதைக் காட்டப் பணமும் இல்லை, அன்றைக்கு அதற்கான வித்தையும் இல்லை. லூட்டனும் டைரக்டர் ஷாக் டூர்னரும் என்ன செய்தார்கள் தெரியுமா, காட்டாமலே விட்டுவிட்டார்கள். சிறுத்தை கண்ணில் பட்டே ஆக வேண்டும் என்று ஸ்டுடியோ பிடிவாதம் பிடித்ததால் ஓரிடத்தில் வரும், மற்றபடி எல்லாம் நிழலும் சத்தமும்தான்.

அந்தப் பூங்கா ஓரத் தெருவை மட்டும் விளக்கைச் சுத்தமாக அணைத்துவிட்டுப் பாருங்கள். ஆலிஸ் என்ற பெண் ராத்திரியில் தனியாக நடக்கிறாள், பின்னால் இன்னொருத்தி வருகிறாள், இரண்டு ஜோடி ஹீல்ஸ் சத்தம் தரையில் டக் டக் என்று கேட்கிறது, இசை கிடையாது. விளக்குக் கம்பத்தடியில் வெளிச்சம், அடுத்த கம்பம்வரை இருட்டு, மறுபடி வெளிச்சம். திடீரென்று பின்னால் வந்த சத்தம் நின்றுவிடும். ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. நடையை எட்டிப் போடுகிறாள், அப்புறம் ஓட்டம், ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அப்போது காதுக்குப் பக்கத்தில் சீறுகிற மாதிரி ஒரு சத்தம் வரும் பார். அது என்ன என்று நான் சொல்லமாட்டேன், நீயும் உன் கூட்டத்துக்கு முன்கூட்டிச் சொல்லாதே. இன்றைக்கு வருகிற பேய்ப் படங்களில் சும்மா நம்மைத் தூக்கிப் போடுவதற்கென்றே ஒரு சத்தம் வைக்கிறார்களே, அதெல்லாம் இந்த ஒரு காட்சியின் வாரிசுகள்.

இரண்டாவது, உங்கள் ஊர்ப் படம். நைட் ஆஃப் தி லிவிங் டெட். 1968 அக்டோபரில் பிட்ஸ்பர்க்கில்தான் முதலில் திரையிட்டார்கள். ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் அங்கே விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த பையன்கள். ஆளாளுக்குக் கைக்காசைப் போட்டு, அப்புறம் கிடைத்த இடத்திலெல்லாம் புரட்டி, ஒரு லட்சத்துச் சொச்சம் டாலரில் முடித்தார்கள். ரத்தம் என்று நீ பார்ப்பது சாக்லேட் சிரப், கறுப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியப்போகிறது. முதல் காட்சியில் வரும் கல்லறை எவன்ஸ் சிட்டியில் இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து வடக்கே 30 மைல் வாக்கில். பகலில் ஒரு நாள் கார் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்தப் படம் யூடியூபில் இலவசமாகக் கிடக்கிறதே, திருட்டுப் பிரிண்டோ என்று பயப்படாதே. விநியோகஸ்தர் கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றினார், பழைய தலைப்போடு இருந்த காப்பிரைட் வரியைப் புதுத் தலைப்பில் போடாமல் விட்டுவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லையென்றால் உரிமையே போச்சு. இத்தனை பெரிய படம் அவர்களுக்கு நியாயமாகத் தர வேண்டிய பணத்தைத் தரவில்லை, அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் யார் வேண்டுமானாலும் போடலாம் என்று ஆனதால்தான் படம் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது, அதுவும் உண்மை.

செத்து எழுந்து வருகிற பேய்களைவிட, அவற்றுக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற மனுஷர்களைப் பார். நிலவறையில் ஒளியலாமா, மேலேயே இருந்து கதவுக்குப் பலகை அடிக்கலாமா என்று அடித்துக்கொள்வதிலேயே பாதிப் படம் போய்விடும். அந்தக் கூட்டத்தில் நிதானமாக இருப்பவன் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர். அவன் நிறத்தைப் பற்றிப் படத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. 1968-இல், மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்ற அதே வருஷத்தில், இந்தப் படத்தின் முடிவைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். அந்த முடிவுக்காகத்தான் இதை நடுவில் வைக்கச் சொல்கிறேன். இதைக் கடைசியாகப் போட்டால் வந்தவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். முடிந்ததும் ஒரு அரைமணி விளக்கைப் போட்டு, சாப்பிட்டு, சண்டை போட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஹாலோவீன், 1978. தூக்கம் கண்ணைச் சுழற்றுகிற நேரத்துக்கு இதுதான் சரி, ஏனென்றால் அந்த பியானோ தூங்க விடாது. ஜான் கார்பென்டரே போட்ட இசை, ஐந்தைந்தாகப் போகும் தாளம், நம் கணக்கில் கண்ட நடை. நாலுக்குப் பழகிய காது அடுத்த சுற்று எப்போது வந்து விழும் என்று சரியாகப் பிடிக்க முடியாமல் தவிக்கும். இசை சேர்க்காமல் ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியபோது அவருக்குத் துளிகூடப் பயம் வரவில்லையாம், அதை கார்பென்டரே சொல்லியிருக்கிறார். இதுவும் காசில்லாத கூட்டம்தான், மூன்று லட்சத்துச் சொச்சம் டாலர். கதை இலினாயில் இலையுதிர் காலத்தில் நடக்கிறது, எடுத்ததோ கலிபோர்னியாவில் வசந்த காலத்தில், அதனால் இலைகளுக்குப் பெயின்ட் அடித்துத் தெருவில் கொட்டி, ஷாட் முடிந்ததும் பொறுக்கி மூட்டை கட்டி அடுத்த ஷாட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் பின்னால் பனைமரம்கூடத் தெரியும். கொலைகாரன் மாட்டியிருக்கிற முகமூடி, ஸ்டார் ட்ரெக்கில் வரும் கேப்டன் கர்க்குடையது, கடையில் வாங்கி வெள்ளையடித்தது. பெயர்தான் பெரிசு, படத்தில் ரத்தம் மிகக் கொஞ்சம்.

ஹிட்ச்காக்கின் சைக்கோவை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்பாய். அந்தக் குளியலறைக் கொலைக் காட்சி எல்லாருக்கும் தெரியும், கூட்டத்தில் ஒருத்தன் முன்கூட்டியே கத்தி குத்துகிற மாதிரி கையை ஆட்டிக் காட்டுவான், படம் கெட்டது. ஆனால் ஹாலோவீனில் நடிக்கிற ஜேமி லீ கர்ட்டிஸ், சைக்கோவில் அந்தக் குளியலறையில் இருந்த ஜேனட் லீயின் மகள் என்று மட்டும் சொல்லிவை. ஹாலோவீனில் வரும் டாக்டருக்கு வைத்திருக்கும் லூமிஸ் என்ற பெயரும் சைக்கோவிலிருந்து எடுத்ததுதான். தி ஷைனிங் நல்ல படம், அந்த நேரத்துக்கு ரொம்ப நீளம். சின்னப் பெண்ணுக்குப் பேய் பிடிக்கிற எக்ஸார்சிஸ்ட் படத்தைப் போடு என்று யாராவது கேட்டால், வந்திருப்பவர்கள் எல்லாரையும் ஒருமுறை கேட்டுக்கொண்டு போடு. கடையில் அந்தக் கேசட்டைப் பாதியிலேயே நிறுத்தித் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு, அவர்கள் பயந்தாங்கொள்ளிகள் இல்லை, வீட்டில் உடம்பு சரியில்லாத பிள்ளை இருந்தவர்கள்.

ஒரு படத்தை மட்டும் இந்தக் கூட்டத்துக்குப் போடாதே. தி ஹாண்டிங், 1963, ராபர்ட் வைஸ் எடுத்தது. சவுண்ட் ஆஃப் மியூசிக் எடுத்த அதே ஆள். அவர் டைரக்டர் ஆனதே நான் மேலே சொன்ன லூட்டனிடம்தான், அங்கே கற்றதை இருபது வருஷம் கழித்து இதில் காட்டியிருக்கிறார். ஒரு பெரிய பழைய வீடு, பேயைக் கடைசிவரை காட்டுவதே இல்லை. மூடிய கனமான மரக்கதவு ஒன்று மூச்சு விடுவதுபோல உள்ளே புடைத்து வரும், அவ்வளவுதான் வித்தை, மறுபக்கம் ஆள் நின்று தள்ளியிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகும் அதைப் பார்க்கும்போது என் முதுகு சில்லிடுகிறது. சிப்ஸ் பாக்கெட் சத்தத்தில் அந்தப் படம் செத்துப்போகும். நவம்பரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி தனியாக, ஹெட்ஃபோன் மாட்டி, மொபைலை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பார். முடிந்ததும் எத்தனை மணியானாலும் கூப்பிடு, அங்கே நடுராத்திரி என்றால் இங்கே காலை பத்தரை, நான் டிபன் முடித்துவிட்டுச் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா